ஒத்துப்போகிறது

காலை ஏழரைக்குச் செய்முறை அறையில் மாணவிகள் நாங்கள் ஒருவரையொருவர் பரிசோதிக்கத் தொடங்குவோம். பார்த்தறிதல், தொட்டறிதல், தட்டியறிதல், கேட்டறிதல். எல்லோருக்கும் கழுத்தெலும்பின் கீழே, தோலுக்குள், மெய்க்காணி என்னும் சென்சார் இருந்தது. அது சொல்வது கட்டிலுக்கு மேலே திரையில் தெரியும். எங்கள் கை கண்டதும் திரை சொல்வதும் ஒத்துப்போனால் மதிப்பெண்.

என் இணை மெர்லின். இரண்டு ஆண்டுகளாக அவள் உடலில்தான் நான் செவிலியர் படிப்பைப் படித்தேன். சில மாதங்களாகப் படிகளில் நின்று நின்று ஏறினாள். கிழவி என்று கேலி செய்தேன்.

அரையாண்டுத் தேர்வன்று என் கை பட்டதும் துள்ளினாள்.

"ஏட்டி வாசுகி, கையத் தேய்ச்சுச் சூடாக்கிட்டு வை. மீன் வண்டியில இருந்தா இறங்கி வாற?"

"பேசாம திரும்பி உக்காருட்டி."

அவள் முதுகில் இடது நடுவிரலைப் பதித்து, வலது நடுவிரலால் அதன்மேல் தட்டினேன். இடப்பக்கம் முழுவதும் காற்று நிறைந்த ஓசை. வலப்பக்கம் கீழே இறங்கியதும் ஓசை செத்துவிட்டது. தொடையில் தட்டினால் வருமே, அப்படி. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால்தான் அப்படி ஒலிக்கும்.

திரை பச்சையாக இருந்தது.

ஒருவர் தன் உடலைப் பற்றித் தானே சொல்வது சான்றாகாது என்று சட்டம் வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வலிக்கிறது என்றால் யாரும் எழுதிக்கொள்வதில்லை. மெய்க்காணி சொல்ல வேண்டும். இல்லையென்றால் பரிசோதித்தவள், மாணவியேயானாலும், 'முரண்' என்று எழுத வேண்டும். எழுதினால் மறுநாளே ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அதில் ஒன்றும் இல்லையென்றால் எழுதியவளின் பதிவெண் பறிபோகும். எங்கள் கல்லூரியில் அதுவரை யாரும் முரண் எழுதியதில்லை.

மறுபடியும் தட்டினேன். அதே ஓசை. மெர்லின் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னம்மா, தூங்கிட்டியா? எழுதிட்டு எந்திரி" என்றார் தேர்வாளர்.

'ஒத்துப்போகிறது' என்று எழுதினேன். என் காதைவிடத் திரையை நம்பினேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். நம்பவில்லை. பயந்தேன்.

ஏழு வாரங்களுக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மெய்க்காணி சிவந்தது. நீருக்குப் பின்னால் கட்டி இருந்தது. வெள்ளிக்கிழமை மெர்லின் இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்துக் கோட்டாற்றில் அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பரீட்சையில நீதான மக்ளே தட்டிப் பாத்த?"

"ஆமாம்மா."

"ஒனக்கு வித்தியாசம் தெரிஞ்சுதா?"

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. "தெரிஞ்சுதும்மா."

அவர் தலையை ஆட்டினார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அவளுக்கும் தெரிஞ்சுருக்கு. பரீட்சையன்னைக்குச் சாயங்காலம் சிரிச்சுக்கிட்டே வந்தா. மூச்சு முட்டுதுன்னு நான் சொன்னா ஒருத்தனும் எழுத மாட்டான், இன்னைக்கு வாசுகி கையில சிக்கிருச்சும்மா, அவ எழுதிருவான்னா. ஆஸ்பத்திரிக்குப் போவப் பையெல்லாம் எடுத்து வச்சா."

என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை.

"ரெண்டு நாளாச்சு, ஸ்கேனுக்குக் கூப்பிடல. வாசுகிகிட்ட வெசாரிட்டின்னேன். மாட்டேன்னுட்டா."

"ஏம்மா?"

"வெசாரிச்சா, எனக்கும் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சிரும். அப்பறம் அவ எப்டிம்மா எம்மூஞ்சியப் பாப்பான்னு சொன்னா."

தேர்வுக்குப் பிறகும் ஏழு வாரங்கள், ஒவ்வொரு காலையும், மெர்லின் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் வலப்பக்கம் கீழே இறங்காமல் தட்டினேன். விரல் அந்த இடத்தை நெருங்கும்போதெல்லாம் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். நான் கையை எடுத்த பிறகு மெதுவாக விடுவாள்.