ஒரே ஜோடி ஷூ, இரண்டு பந்தயம்

ஷூ வாங்குவது மற்ற ஊர்க்காரர்களுக்கு அரை மணி நேர வேலை. ஐவியின் ஊரில் அது ஒரு மாதச் சண்டை.

இங்கிலாந்தின் வடக்கே, மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊர் அது. அங்கே நடக்கத் தெரிந்த எல்லோரும் மலையில் ஓடுவார்கள். மழையா, பனியா, சேறா, எதுவும் அவர்களுக்குச் சாக்கு இல்லை. எந்த ஷூ நல்லது என்று கேட்டுவிட்டால் போதும், ரொட்டி வாங்க வந்தவர்கள் ரொட்டியை மறந்துவிட்டு வாதாட ஆரம்பித்துவிடுவார்கள்.

பத்து வயது ஐவிக்குப் பழைய ஷூ சின்னதாகிவிட்டது. ஜனவரியில் ஹாரோ மலைப் பந்தயம் வருகிறது. அவளுக்குப் புது ஷூ வேண்டும்.

"தண்ணி புகாத ஷூவா பார்த்து வாங்கு" என்றார் தபால்காரர்.

"மெத்து மெத்துன்னு இருக்கணும்மா. இல்லேன்னா முட்டி போயிடும்" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"ரெண்டு பேர் சொல்றதையும் கேட்காதே" என்றார் அப்பா. ஆனால் எதை வாங்குவது என்று அவருக்கும் தெரியவில்லை.

ஐவியின் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. வழுக்குப் பாறை.

ஹாரோ மலைப் பாதையின் நடுவில் சாய்ந்து கிடக்கும் கரும்பாறை அது. மேலே எப்போதும் தண்ணீர் கசியும். போன வருடம் ஐவி அதில் சறுக்கி விழுந்து, கால் பிசகி, அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எல்லோரும் அவளைத் தாண்டி ஓடினார்கள். முன்னால் போய்விட்ட தோழி மேபல் மட்டும் திரும்பி வந்தாள். பெரியவர்கள் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, தன் தொப்பியைக் கழற்றி ஐவிக்கு மாட்டிவிட்டு, ஆட்டுக் கதைகளாகச் சொல்லிச் சிரிக்க வைத்தாள்.

அன்றைக்கு முதலாவதாக வந்திருக்க வேண்டியவள் மேபல்தான். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. ஐவியும் இன்னும் நன்றி சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் வேறு எதையாவது பேசிவிடுவாள்.

சனிக்கிழமை அப்பாவும் ஐவியும் க்ளெம் மாமாவின் ஷூ கடைக்குப் போனார்கள். அவர் ஆறு ஜோடிகளை வரிசையாக எடுத்து வைத்தார்.

"இதுல எது நல்லது மாமா?" என்று ஐவி கேட்டாள்.

"அது தெரிஞ்சா நான் ஏன் ஆறு ஜோடி வாங்கி வைக்கிறேன்?" என்றார் அவர்.

ஐவியின் கண் முதலில் ஊதா நிற ஷூவில்தான் ஒட்டிக்கொண்டது. அடிப்பாகம் தடியாக, மேகத்தின் மேல் நிற்பதுபோல் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அந்தக் கடையில் யாரும் தரையில் நடந்து பார்ப்பதில்லை. பின்கட்டில் ஒரு சாய்வான கருங்கல் பலகை இருக்கிறது, பக்கத்தில் ஒரு சேற்று மேடும் இருக்கிறது. எல்லோரும் அங்கேதான் ஏறி இறங்கிப் பார்ப்பார்கள்.

க்ளெம் மாமா பலகையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். ஊதா ஷூ இரண்டடி ஏறியது. பிறகு பக்கவாட்டில் ஆடியது. பிறகு ஐவி சேற்றில் உட்கார்ந்திருந்தாள்.

"நிறம் அழகாத்தான் இருக்கு" என்றார் அப்பா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "சரி, தண்ணி புகாத ஷூவைப் போட்டுப் பாரேன்."

ஐவி அந்த ஷூவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமா, சதுப்புல கால் முட்டி வரைக்கும் போகுமே. அப்போ தண்ணி மேல்பக்கமா உள்ளே வந்துடாதா?"

"வரும்தான்."

"வந்த தண்ணி எப்படி வெளியே போகும்?"

க்ளெம் மாமா தலையைச் சொறிந்தார். பிறகு ஒரு குவளைத் தண்ணீரை அந்த ஷூவுக்குள் ஊற்றினார். மூவரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை.

"இதுல டீ போட்டுக் குடிக்கலாம்" என்றாள் ஐவி.

அப்பாவால் இப்போது சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசியில் ஓரத்தில் கிடந்த ஒரு ஜோடியை ஐவி எடுத்தாள். கஞ்சி நிறம். பார்க்க லட்சணமாக ஒன்றும் இல்லை. ஆனால் அடிப்பக்கத்துப் பற்கள் நீளமாக, தள்ளித் தள்ளி இருந்தன. சேறு ஒட்டினாலும் உதிர்ந்துவிடும். ரப்பரை நகத்தால் அழுத்தினாள், கொஞ்சம் அமுங்கியது. தண்ணீரை ஊற்றினாள், வலைத்துணி வழியாக ஓடிவிட்டது. கம்பளிக் காலுறையோடு மாட்டிக்கொண்டு சாய்வில் இறங்கிப் பார்த்தாள், விரல் முன்னால் போய் இடிக்கவில்லை.

ஈரப் பலகையில் ஏறி நின்றாள். ஷூ பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது.

"இதுதான்" என்றாள் ஐவி.

பந்தய நாள் காலை, மைதானம் முழுக்க உறைபனி. மலையின் தலையில் மேகம் உட்கார்ந்திருந்தது. முதலில் பத்து வயதுவரை உள்ள சின்னவர்களுக்கு ஓட்டம். அதன் பிறகு பதினொரு வயதிலிருந்து பெரியவர்களுக்கு. மேபலுக்குப் பதினொன்று ஆகிவிட்டதால் அவள் பெரியவர்கள் பக்கம்.

ஓடுவதற்கு முன்னால், பந்தயத்தை நடத்தும் டோரத்தி மிஸ் எல்லோருடைய காலையும் தூக்கச் சொல்லிப் பார்ப்பார், குதிரைக்கு லாடம் பார்ப்பதுபோல. அடிப்பாகம் தேய்ந்திருந்தால் ஓட விடமாட்டார்.

மேபல் வரிசையில் இல்லை. வேலியோரம் தனியாக நின்றிருந்தாள். அவள் கையில் ஒரு ஷூ, முன்பக்கம் முதலைபோல வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"என்னடி ஆச்சு?" என்று ஐவி ஓடினாள்.

"நேத்து நனைஞ்சு போச்சு. தாள் திணிச்சுதான் வச்சிருந்தேன். ராத்திரி என் தம்பி எடுத்து அடுப்போரமா வச்சுட்டான். பசையெல்லாம் உருகிடுச்சு." மேபல் மூக்கை உறிஞ்சினாள். "பாவம், காலையில சூடா இருக்கட்டும்னு நினைச்சிருக்கான். திட்டக்கூட முடியல."

ஈர ஷூவை அடுப்போரம் வைக்கக் கூடாது என்பது அந்த ஊரில் குழந்தைகூட அறிந்த விஷயம். ஆனால் மேபலின் தம்பிக்கு நான்கு வயதுதான்.

"வேற யாருதாவது?"

"எல்லாரும் போட்டுக்கிட்டு ஓடப்போறாங்களே. உபரி ஷூ போட்டு வைக்கிற பெட்டியிலயும் பார்த்துட்டேன். ஒண்ணு பொம்மைக்குத்தான் ஆகும், இன்னொண்ணு படகு மாதிரி இருக்கு."

ஐவி தன் காலைப் பார்த்தாள். மேபலின் காலைப் பார்த்தாள். பள்ளியில் எத்தனை முறை ஷூவை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்!

"நான் ஓடிட்டு வந்து என்னோடதைத் தரேன்" என்றாள். "மிஸ், பெரியவங்க எப்போ கிளம்புவாங்க?"

"சின்னவங்கள்ல பத்தாவது ஆள் முடிவுக் கோட்டைத் தாண்டினதும் விசில் அடிச்சிடுவேன்" என்றார் டோரத்தி மிஸ்.

"கொஞ்சம் பொறுத்து அடிக்கக் கூடாதா மிஸ்?"

"மேகம் இறங்கிக்கிட்டே இருக்கு. அதுகிட்ட போய் ரெண்டு நிமிஷம் பொறுன்னு சொல்லட்டுமா?"

சின்னவர்கள் மொத்தம் நாற்பது பேர். ஐவி எந்தப் பந்தயத்திலும் முதல் இருபதுக்குள் வந்ததில்லை.

"வேணாம் ஐவி. நீ அவசரப்பட்டு மறுபடி விழுந்துடாதே. நான் அடுத்த வருஷம் ஓடிக்கிறேன்" என்றாள் மேபல்.

"நீ காலுறையோட கோட்டுகிட்ட நில்லு. அது போதும்" என்றாள் ஐவி.

விசில் ஒலித்தது.

ஐவி ஓடினாள். ஆடுகள் விலகின. சதுப்பில் கால் புதைந்தது, ஐஸ் தண்ணீர் ஷூவுக்குள் ஏறியது, பத்தடி ஓடுவதற்குள் வெளியேறிவிட்டது. சேறு ஒட்டியது, உதிர்ந்தது. ஏற்றத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. முன்னால் போகிறவர்களை எண்ணிப் பார்த்தாள். பதினெட்டுப் பேர்.

மலைத் திருப்பத்தைச் சுற்றிக்கொண்டு இறங்கியதும் வழுக்குப் பாறை வந்தது.

முன்னால் போனவர்கள் அங்கே நெரிசலாக நின்றிருந்தார்கள். சிலர் உட்கார்ந்து நகர்ந்தார்கள், சிலர் புல்லைப் பிடித்துக்கொண்டு ஓரமாக இறங்கினார்கள். போன வருடம் உட்கார்ந்து அழுத இடம் நேர் எதிரே தெரிந்தது.

'மேபல் வெறும் காலுறையோட நிக்கிறா' என்று நினைத்துக்கொண்டாள்.

குனிந்தாள். கைகளை விரித்தாள். சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்தாள். ஷூ பாறையைப் பிடித்தது. இன்னொரு அடி. மறுபடியும் பிடித்தது. கடைசி நான்கு அடியை அவள் ஓடியே கடந்தாள்.

அதற்குப் பிறகு யாரை முந்தினோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. எண்ணிக்கையும் தப்பிவிட்டது. கீழே கோடு தெரிந்தது. கோட்டின் அருகே இரண்டு கம்பளிக் காலுறைகள் குதித்துக்கொண்டிருந்தன.

"வா ஐவி! வா!"

கோட்டைத் தாண்டியதும் ஐவி அப்படியே புல்லில் விழுந்து காலை நீட்டினாள். "கழட்டு! கழட்டு!"

"ஒன்பது!" என்று கத்தினார் டோரத்தி மிஸ்.

முடிச்சு சேற்றில் இறுகியிருந்தது. விரல்கள் மரத்துப்போயிருந்தன. மேபல் குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். ஒரு ஷூ வந்தது. அடுத்தது வந்தது. ஐவி ஒரு காலுக்குக் கட்டினாள், மேபல் மறு காலுக்குக் கட்டினாள்.

"பத்து!" விசில் ஒலித்தது. பெரியவர்கள் பாய்ந்தார்கள்.

"ரொம்ப நன்றிடி" என்றாள் மேபல், எழுந்துகொண்டே.

ஒரு வருடமாகச் சொல்லாமல் விட்டது அப்போதுதான் வெளியே வந்தது. "நான்தான் உனக்குச் சொல்லணும்! போன வருஷத்துக்கு! நன்றி மேபல்! ஓடு!"

மேபல் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். கண் கலங்கியது. பிறகு கடைசி ஆளாக ஓடிப்போனாள்.

அப்பா தன் ரொட்டி வந்த இரண்டு பிளாஸ்டிக் பைகளை ஐவியின் ஈரக் காலுறைகள் மேல் மாட்டிக் கட்டிவிட்டார். கையில் சூடான சூப்பைக் கொடுத்தார். ஐவி பைகள் சரசரக்க வேலியோரம் போய் நின்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. விழுந்தால் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார ஒரு மேபல் கிடைத்தாளே என்று நினைக்க நினைக்க மனம் நிறைந்தது.

டோரத்தி மிஸ் அவளிடம் வந்தார். "ஐவி, உன் வாழ்க்கையிலேயே இதுதான் நல்ல இடம், தெரியுமா? ஒன்பதாவது!"

"ஆமா மிஸ், ஆனா அதை விடுங்க" என்று ஐவி மலையைக் காட்டினாள்.

மேகத்திலிருந்து முதல் ஆளாக ஒரு பையன் வெளியே வந்தான். அவன் பின்னாலேயே மேபல். வழுக்குப் பாறையில் பையன் உட்கார்ந்துகொண்டான். மேபல் உட்காரவில்லை.

ஐவி ரொட்டிப் பைகளோடு எகிறிக் குதித்தாள். "மிஸ், பாருங்க, பாருங்க! என் ஷூ முந்திடுச்சு!"