எதிர்நெஞ்சு

மேகம் சொன்னபடி வந்தது. புதுக்கரிசல் ஊரின் மிளகாய்க் காடுகள் மேல் நின்றது. நிழல் விழுந்தது, காற்று ஈரமானது, நாய்கள் எழுந்து மூக்கை நீட்டின. பிறகு, எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோனதுபோல, மேகம் கடல் பக்கம் மெல்ல நகர்ந்தது.

“போவுது பாருங்க,” என்றாள் பேச்சியம்மாள். “விருந்துக்கு வந்தவன் எலையப் பாத்துட்டு எந்திரிச்சுப் போற மாதிரி.”

அவள் கணவன் இசக்கிமுத்து ஊரின் மேகம் ஓட்டி. நுண்தும்பிகள் என்ற தூசியளவுப் பறக்கும் பொறிகள் மேகத்துக்குள் புகுந்து, மின்னூட்டம் தந்து, அதை ஊருக்கு ஓட்டிவரும். தும்பிகளை நடத்துவது ‘மேய்ப்பான்’ என்ற கட்டற்ற மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். பாதி உலகத்தின் மழை அதில்தான் பெய்தது. அதைப் பராமரித்தவள் தாராபுரத்தில் இருந்த ரங்கநாயகி, ஒரே ஒருத்தி.

பிழை எங்கே என்பதை இசக்கிமுத்து கண்டுபிடித்துவிட்டான். வழியில் இரண்டு மேகங்கள் கலந்தால் மேய்ப்பானுக்கு ஊர் மறந்துபோகிறது. ஊர் இல்லாத மேகம் கடலுக்குப் போய்விடும். இன்னும் ஒரு மேகம் இப்படிப் போனால் நாற்று கருகும். போன போகமும் கருகியதுதான். பிறகு காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டு ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

“அந்தப் பொம்பளைகிட்டச் சொல்லித் தொலைங்களேன்.”

சொல்வதில்தான் சிக்கல். ஒரு காலத்தில் பராமரிப்பாளர்களுக்கு மக்கள் வாயில் வந்ததை எழுதினார்கள். ஓசியில் வாங்கிக்கொண்டே, ‘நீயெல்லாம் எதுக்கு உயிரோட இருக்க?’ என்று கேட்டார்கள். ரங்கநாயகிக்கு முன்னால் மேய்ப்பானைப் பார்த்துக்கொண்டவர்கள் எல்லாரும் ஓடிப்போனார்கள். அதன்பின் வந்தது எதிர்நெஞ்சு. கழுத்தில் ஒட்டும் சிறு வில்லை. குறை எழுதும்போது, படிக்கப்போகிறவரின் மனம் என்ன பாடுபடுமோ அது எழுதுகிறவர் நெஞ்சில் இறங்கும். வில்லை இல்லாமல் குறை பதிவாகாது. குறை பதிவாகாமல் நிரலைத் திறந்து திருத்த முடியாது. வந்த வேகத்தில் வசை நின்றது. எல்லாரும் பாராட்டினார்கள்.

இசக்கிமுத்து வில்லையை ஒட்டிக்கொண்டு எழுதினான்: ‘என்னத்தக் கிழிச்சீங்க?’ நெஞ்சில் அறை விழுந்தது. அழித்தான். ‘மழை பெய்யவில்லை.’ கண் எரிந்தது. நெடுநாள் தூங்காத யாருடைய கண்ணோ. ‘நேரம் கிடைக்கும்போது, தயவுசெய்து…’ நனைந்த மூட்டைபோல ஒரு களைப்பு தோளில் ஏறி உட்கார்ந்தது. அதையும் அழித்துவிட்டு வில்லையை உரித்தான்.

“என்னாச்சு?”

“பாவமா இருக்கு பேச்சி.”

“நாத்தப் பாத்தா பாவமா இல்லையாக்கும்! இங்க கொண்டாங்க.” அவள் பிடுங்கி ஒட்டிக்கொண்டாள். சற்று நேரத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “அந்தப் புள்ள சாப்ட்டுச்சோ என்னவோ,” என்றாள்.

கடைசியில் எண்ணைத் தேடிப் பிடித்து ரங்கநாயகிக்கே போன் போட்டான். வணக்கம் சொல்லி, பிழை எங்கே வருகிறது, எப்போது வருகிறது என்று நிதானமாக விளக்கினான்.

“ஏனுங்கண்ணா, இத்தன மாசமா ஒருத்தருமே ஒண்ணும் சொல்லலீங்களே! எல்லாம் நல்லா ஓடுதுன்னுல்லங்க நெனச்சுட்டிருந்தேன்.”

“உங்களுக்கு வருத்தமா இருக்கும்னுதான்…”

“படிச்சதும் சுருக்குன்னுதான் இருக்கும். அப்புறம் சந்தோசந்தானுங்க. இப்படி வெவரமாச் சொன்னா சின்ன வேலைங்க இது.”

அந்த முதல் சுருக்கை மட்டும்தான் வில்லை அறியும். பிறகு வருவது அதற்குத் தெரியாது.

“பதிஞ்சாத்தான் தொறக்குமுங்க. நீங்க பதிஞ்சுடறீங்களா?”

“என்னால ஆகாதும்மா.”

“செரி, நானே வில்லைய ஒட்டிட்டு எழுதிக்கறேன். லைன்லயே இருங்க.”

மேற்கே அடுத்த மேகம் எழும்பிவிட்டது. அதன் ஓரத்தில் தும்பிகள் வெள்ளித் தூசியாக மினுங்கின. பக்கத்திலேயே வேறு ஊருக்குப் போகும் இன்னொரு மேகம். போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. நீளமான, தூக்கத்தில் விடுவதுபோன்ற மூச்சு.

“எழுதிட்டீங்களாம்மா?”

“இல்லீங்ணா. அந்தப் புள்ள ரொம்பக் களைச்சுப் போயிருக்குதுங்க. பாவம், கொஞ்ச நாள் போகட்டுமே.”

“எந்தப் புள்ள?”

“இதப் படிக்கப்போற புள்ளதானுங்க.” மேற்கே இரண்டு மேகங்களும் ஒன்றையொன்று தொட்டு, சத்தமே இல்லாமல் கலந்தன.