வாசனை இல்லாத ஊர்

“கனவுக்குள்ள நடந்தே போகலாம்னு சொன்னா நம்புவீங்களா?”

அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. இன்பத்தின் கால் கட்டைவிரல் நெருப்பாக எரிந்துகொண்டிருந்தது.

கார்த்திகை மாத மழை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். காட்பாடியில் கர்ப்பமாயிருந்த அக்காவைப் பார்த்துவிட்டு, அண்ணி தனபாக்கியத்தோடு ஆம்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள் இன்பம். பாசஞ்சர் வண்டியில் எதிர் பலகையில் ஓர் இளைஞன். முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றிக் கையை நேராக மேலே நிறுத்தியிருந்தான். அந்தக் கையில் ஒரு பெரிய சாவிக்கொத்து. கண்கள் மூடியிருந்தன... இமைகள் இத்தனை நீளமாகவா இருக்கும் ஓர் ஆண்பிள்ளைக்கு? தூங்குகிறவனைப் பார்த்தால் தப்பில்லை, அவன்தான் பார்க்கப் போவதில்லையே என்று அவள் தலையை நிமிர்த்திய நேரத்தில், அந்தக் கை துவண்டது. சாவிக்கொத்து அவள் காலில் விழுந்தது.

“யோவ்! பொண்ணு கால ஒடச்சிட்டியே!” என்று அண்ணி எழுந்துவிட்டாள்.

“மன்னிச்சிடுங்க அக்கா... வாசப்படி வரைக்கும் போய்ட்டேன், அதான்...”

“இன்னா வாசப்படி? ரயில்ல ஏது வாசப்படி? குடிச்சிருக்கியா?”

“ஐயோ, கோயில்ல பிரசங்கம் கேட்டுட்டு வர்றேன் அக்கா.”

“அங்க தூங்க வேண்டியத இங்க வந்து தூங்குறியா?”

இன்பம் தாவணியை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள். அவன் அதைப் பார்த்துவிட்டான். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

பெயர் ஜெபராஜ். சொந்த ஊர் அரக்கோணம். ஆம்பூரில் அமீர் பாஷாவின் தோல் பதனிடும் ஷாப்பில் ஸ்டோர் கீப்பர். அதே ஷாப்பில் இன்பத்தின் அண்ணன் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டுகிறவன். அது தெரிந்ததும் அண்ணியின் ‘யோவ்’ ஒரே நொடியில் ‘சார்’ ஆகிவிட்டது.

“எல்லாரும் தூக்கத்துல கெணத்துல விழற மாதிரி விழறாங்க. விழுந்தப்புறம் இன்னா நடந்ததுன்னு தெரியாது. நான் முழிப்போட படிக்கட்டுல இறங்கிப் போறேன். ஒடம்பு தூங்கணும்... நாம தூங்கக் கூடாது. நாமளும் தூங்கிட்டா கை துவளும், சாவி விழும், முழிப்பு வரும். மறுபடி மொதல்லேர்ந்து.”

“இது இன்னா பேஜாரான வேலை சார்!” என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

இன்பத்துக்கு ஒரு கேள்வி இருந்தது. தொண்டை வரை வந்து நின்றது. வாய்விட்டுப் படிக்கச் சொன்ன டீச்சருக்கு முன்னால் ஊமையாய் நின்று, அந்த அவமானத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தையே விட்டவள் அவள். ஆனாலும் அன்று கேட்டுவிட்டாள். மழை ஓசையில் பாதி கரைந்துபோன குரலில்...

“உள்ள போய்ட்டோம்னு எப்படித் தெரியும்?”

அவன் கண்கள் விரிந்தன. “நல்லா கேட்டீங்க! அங்கயும் எல்லாம் இங்க மாதிரியேதான் இருக்கும். ஆனா ஆம்பூர்ல இருக்கறவங்களுக்கு ஒரு சவுகரியம். இழுத்து மூச்சு விட்டுப் பாருங்க. அங்க நாத்தம் இருக்காது.”

“இன்னா நாத்தம்?” என்றாள் இன்பம்.

அவன் திகைத்தான். பிறகு முகம் சிவக்க, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் இன்பம் மூச்சை இழுத்துப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து சுவாசித்த காற்று. அதில் முதல் முறையாகச் சுண்ணாம்பு தெரிந்தது... ஊறிய பச்சைத் தோல் தெரிந்தது... சாக்கடையில் ஓடும், தோல் பதனிட்ட ஆவாரம்பட்டைத் தண்ணீர் தெரிந்தது. அண்ணன் கழற்றிப் போட்ட சட்டையில், சாப்பாட்டுத் தட்டில், அவளுடைய தலைமுடியில்கூட. காதல் வந்தால் கண் திறக்கும் என்பார்கள். இவளுக்கு மூக்கு திறந்தது. அதன் பிறகு அதை மூட அவளால் முடியவே இல்லை.

ஒவ்வொரு ஞாயிறும் அதே வண்டி. பெட்டியும் எப்படியோ அதேதான்.

“முயற்சி பண்ணீங்களா?”

தலையாட்டுவாள்.

“இன்னா ஆச்சு?”

கன்னத்தில் கை வைத்துத் தூங்கிப்போனதாகச் சைகை. அவன் சிரிப்பான்.

அண்ணி ஷாப்புக்குச் சாப்பாடு எடுத்துப் போகும் மத்தியானம்தான் அவளுடைய நேரம். மல்லாந்து படுத்து, முழங்கையை ஊன்றிக் கையை நிறுத்துவாள். அவளிடம் சாவிக்கொத்து ஏது? ஒரு கரண்டி. முதலில் மூக்கு அரிக்கும். சொரிந்தால் போச்சு. பிறகு மூடிய இமைக்குள் நிறங்கள் புகைபோலச் சுழலும். காதில் வண்டு ரீங்காரம். உடம்பு ஈரச் சாக்குபோலக் கனக்கும். ஒருநாள் அந்த இடத்தில் நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்தது போலிருந்தது. கையைக் காலை அசைக்க முடியவில்லை. பிறகு விழித்து அலறிய அலறலில், அப்போதுதான் ஷாப்பிலிருந்து திரும்பிய அண்ணி ஓடிவந்து, அமுக்குவான் பிசாசு என்று வீடெல்லாம் ஜெபம் பண்ணினாள்.

“அது பிசாசு இல்லீங்க, கதவு!” என்றான் ஜெபராஜ், அடுத்த ஞாயிறு. “பயந்தா மூடிக்கும். சந்தோஷப்பட்டாலும் மூடிக்கும். சும்மா பார்த்துட்டு இருங்க. எதிர்ல ஒரு இடம் தெரியும்... அதுல காலை வைங்க.”

மாசி மாதம் ஒரு மத்தியானம் அவள் காலை வைத்தாள்.

வீடுதான். அதே பாய், அதே சுவர். எழுந்து வாசலுக்கு வந்து மூச்சை இழுத்தாள்... ஒன்றுமே இல்லை. தண்ணீரைப் போலச் சுத்தமான காற்று. வெறும் மணலாகக் கிடக்கும் பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனது. கரையில் குடையோடு அவன் நின்றிருந்தான். அவள் பேசினாள்! திக்காமல், தலை குனியாமல்... பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினாள்.

“போனீங்களா?” என்று கேட்டான் அந்த ஞாயிறு. அவள் முகமே சொல்லியிருக்க வேண்டும். “யாரைப் பார்த்தீங்க?”

அவள் ஜன்னலுக்கு வெளியே ஓடும் மலைகளைப் பார்த்தாள். காது மடல் சூடாகியது.

சித்திரையில் ஒரு நாள், அண்ணி வாயைத் திறந்துகொண்டு தூங்கும்போது, அவன் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னான். ஜெயபுஷ்பம் டீச்சர் என்றால் அரக்கோணத்தில் தெரியாதவர்கள் இல்லை. கணவர் போன பின் ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவள். அவன் சட்டையின் நிறத்திலிருந்து சிநேகிதன் வரை அவள் தீர்மானம்.

“நான் எங்கம்மா இடுப்புல தொங்கற சாவிக்கொத்துங்க. சில சமயம் தோணும்... அவங்க கண்ணை மூடினாத்தான் எனக்குக் கதவு திறக்கும்னு.” உடனே உதட்டைக் கடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. “பாவி நான். இதை யார்கிட்டயும் சொன்னதில்லை.”

இதை என்னிடம் மட்டும்தான் சொன்னார்... என்று நினைத்தே அவள் மூன்று மாதம் வாழ்ந்தாள்.

ஆனி கடைசியில் அவன் சிரிக்காமல் வந்து உட்கார்ந்தான்.

“அம்மா ஒரு டீச்சர் பொண்ணைப் பார்த்திருக்காங்க. வர்ற வாரம் முடிவு பண்ணிடுவாங்க.” சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே இருந்தான். “நான் வேற ஒரு பேரைச் சொல்லணும்னா, அந்தப் பேருக்கு உடையவங்க மனசு எனக்குத் தெரியணும். ஒரு வார்த்தை போதும்... உங்களுக்கு எதுனா சொல்லணுமா?”

சொல்லேன்! சொல்லித் தொலையேன்! உள்ளே ஓர் ஆறே இரைந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் தலை தானாக, இல்லை என்று அசைந்தது. வண்டி ஆம்பூரில் நின்றது.

அந்த வாரம் முழுவதும் மத்தியானங்களில் அவள் உள்ளே போனாள். பாலாற்றங்கரையில் அவனிடம் சொன்னாள். போட்டோவில்கூடப் பார்த்திராத அவன் அம்மாவை வெள்ளைச் சேலையில் நிறுத்தி வைத்து அவளிடமும் சொன்னாள். அவர் உங்கள் சாவிக்கொத்து இல்லை என்று அடித்துப் பேசினாள். வாய் பழகட்டும்... ஞாயிற்றுக்கிழமை ரயிலில் நிஜமாகவே சொல்லிவிடலாம்.

ஞாயிறு வந்தது. ரயில் பயணம்தான் இல்லாமல் போனது. அக்காவுக்குக் குழந்தை பிறந்து, ஆம்பூருக்கே அழைத்து வருவதாக ஏற்பாடு. அண்ணன் மட்டும் காட்பாடிக்குப் போயிருந்தான். ரம்ஜானுக்கு ஷாப்பை மூடிய அமீர் பாஷா, அந்த வருஷம் எல்லாக் குழிகளையும் காலி செய்து கழுவிவிடச் சொல்லி, வாரம் முழுக்கத் திறக்கவில்லை. மற்ற ஷாப்புகளும் மூடிக்கிடந்தன. இரண்டு நாள் மழை சாக்கடைகளை அடித்துக்கொண்டு போனது. மிச்சத்தை ஆடிக் காற்று கொண்டுபோனது. அழுகையும் பாயுமாகக் கிடந்த இன்பத்துக்கு இதெல்லாம் மனதில் தங்கவில்லை.

மத்தியானம் படுத்தாள். நிறங்கள் வந்தன, ரீங்காரம் வந்தது... அப்புறம் எதுவோ அறுந்தது.

கண்ணைத் திறந்தாள். அதே பாய். அதே சுவர். எத்தனையோ முறை இப்படித்தானே ஆரம்பித்திருக்கிறது? ஆழமாக மூச்சை இழுத்தாள்.

ஒன்றுமே இல்லை. தண்ணீரைப் போலச் சுத்தமான காற்று.

வந்துவிட்டேன்... என்று சிரித்துக்கொண்டாள்.

முன்னறையில் பேச்சுக் குரல். ஒரு பெண்ணின் கணீரென்ற குரல். “படிப்பில்ல, குழியில இறங்குற குடும்பம்... எனக்குப் பிடிக்கலதான் தனபாக்கியம். மறைக்க மாட்டேன். ஆனா ஒரு வாரமா இவன் சரியா சாப்பிடல. அந்தப் பொண்ணு தலை நிமிந்து ஒரு வார்த்தை பேசமாட்டாம்மா, அவ்ளோ அடக்கம்னான். சரி, அடக்கமா இருந்தா எனக்கு அது போதும். கூப்பிடு, பார்க்கறேன்.”

இன்பத்துக்கு இன்னும் சிரிப்பு வந்தது. அவன் அம்மா இந்த வீட்டுக்கு வந்து பெண் கேட்கிறாளாம்! கனவைத் தவிர வேறெங்கே இது நடக்கும்?

பின்னலை முடியாமல், தாவணியைச் சரிசெய்யாமல் வெளியே வந்தாள். நாற்காலியில் வெள்ளைச் சேலை அம்மாள். கதவருகே ஜெபராஜ், ஈரக் குடையோடும் சாவிக்கொத்தோடும். நேராகப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி கையிலிருந்த காப்பித் தம்ளர் சாய்ந்தது.

“அத்தை... நான் இவரை விரும்பறேன். கார்த்திகை மாசத்துலேர்ந்து. நீங்க சரின்னாலும் வேணாம்னாலும் விரும்பறேன்.”

“ஏ இன்பம்! இன்னாடி இது!” அண்ணியின் குரல் கீச்சிட்டது.

“இன்பம்...” ஜெபராஜ் அவள் காதருகே குனிந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. “இது அங்க இல்ல. இது நிஜம். பேசாத.”

“அங்கயும் நீங்க இப்படித்தான் சொல்வீங்க!” என்று அவள் கலகலவென்று சிரித்தாள். அவனுடைய கையை விடாமலே அம்மாள் பக்கம் திரும்பினாள். வாய் நன்றாகப் பழகியிருந்தது. “இவரு உங்க இடுப்புல தொங்கற சாவிக்கொத்து இல்ல அத்தை. நீங்க கண்ணை மூடினாத்தான் தனக்குக் கதவு திறக்கும்னு ரயில்ல எங்கிட்ட சொல்லிக் கண்ணு கலங்கினாரு. பெத்த புள்ளைய அப்படி நினைக்க வச்சது யாரு?”



அந்த அம்மாள் இன்பத்தைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தாள். கணீர் குரல் எங்கோ போயிருந்தது.

“நீ சொன்னியாப்பா?”

இல்லை என்று அவன் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் கை துவண்டது... சாவிக்கொத்து நழுவி இன்பத்தின் காலில் விழுந்தது.

அதே கட்டைவிரல். அதே நெருப்பு. நகக்கண்ணில் ரத்தம் துளிர்த்தது.

கனவில் எதுவும் வலித்ததில்லை.

அவள் ரத்தத்தைப் பார்த்தாள். கவிழ்ந்த தம்ளரைப் பார்த்தாள். தரையில் ஓடும் காப்பியில் எறும்பு ஒன்று தத்தளித்தது. மெல்ல, மிக மெல்ல அவனுடைய கையை விட்டாள். ஏதாவது சொல்ல வேண்டும்... தெரியாது என்று, மன்னியுங்கள் என்று, கனவென்று நினைத்தேன் என்று. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஜெயபுஷ்பம் அம்மாள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வந்தபோது இருந்ததைவிட வயதானவளாக, சுவரைத் தொட்டுத் தொட்டு மழைக்குள் இறங்கினாள்.

ஜெபராஜ் நின்றான். அவனுக்குத் தெரியும். அவள் எங்கே இருப்பதாக நினைத்துப் பேசினாள் என்று இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவள் அவன் கண்களையே பார்த்தாள்... அந்த நீள இமைகள் ஒருமுறை தாழ்ந்தன.

குனிந்து, அவள் காலில் விரல் படாமல் சாவிக்கொத்தை எடுத்தான். குடையை விரித்தான். முன்னே நனைந்துகொண்டு போகிற அம்மாவின் தலைக்கு மேல் அதைப் பிடித்தபடி, தெருமுனை திரும்பிப் போய்விட்டான்.