கிழக்கே திருப்பிய ஆன்டெனா

முதலில் சூசைநாதனை உறுத்தியது ஒரே ஒரு சொல்தான்.

"அண்ணே."

அந்த ஹாம் ரேடியோ அலைவரிசையில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஜப்பானிலிருந்தோ ரஷ்யாவிலிருந்தோ எவனாவது தன் அழைப்புக்குறியை எழுத்தெழுத்தாகச் சொல்வான், அவ்வளவுதான். 1981, ஐப்பசி மாதத்துச் சாயங்காலம். மழை விட்டிருந்தது, மொட்டைமாடி அறைக்குள் நனைந்த சுண்ணாம்பின் வாடையும் சூடேறிய ரேடியோ வால்வுகளில் கருகும் தூசியின் நெடியும் கலந்து மூக்கை அடைத்தன. ஆன்டெனா சென்னையில் பழசாக வாங்கியது, இருபது மீட்டர் அலைக்கு. பதினைந்து மீட்டருக்கு மாற்றுவதற்காக மூன்று அலுமினியக் குழாய்களையும் இரு பக்கமும் ஐந்தடி அறுத்து, இடைவெளியைக் குறைத்து, இரண்டு நாளாகப் பாடுபட்டிருந்தான். கை சும்மா இருந்தால் தம்பி நினைப்பு வந்துவிடும். வைத்திக்குப்பத்துக் கொளஞ்சியின் படகில் மிக்கேல் கடலுக்குப் போய் ஒன்பது நாள். கொளஞ்சியின் உடல் மட்டும் கரை ஒதுங்கியது.

"அண்ணே, கேக்குதா?"

மிக்கேலின் குரல். அந்தப் படகில் ரேடியோவே கிடையாது.

கூரையைத் துளைத்து இறங்கிய இரும்புக் குழாயைப் பிடித்து ஆன்டெனாவை மெல்லத் திருப்பினான். அது எந்தத் திக்கைப் பார்க்கிறதோ, அந்தத் திக்கிலிருந்து வருவதுதான் பலமாகக் கேட்கும். மேற்கே, ரெட்டியார்பாளையத்துப் பக்கம் திருப்பியதும் குரல் அடங்கி வெறும் இரைச்சல். மறுபடி கிழக்கே, கடலைப் பார்த்து. ரேடியோவில் ஒலியின் பலத்தைக் காட்டும் முள் எகிறியது.

"இருட்டா இருக்குண்ணே. ரொம்ப அடியில."

மைக்கை அழுத்தினான். "மிக்கேலு, எங்கடா இருக்கே?"

தண்ணீர் புரளும் சத்தம். பிறகு அவசரமாக:

"ஒண்ணு இங்கேருந்து கெளம்பி மேல வந்துருக்குண்ணே. என்ன மாதிரியே ஆயிக்கிட்டு வருது. கதவ தொறக்காத."

கீழே தெருக்கதவு தட்டப்பட்டது.

தாழ்ப்பாள் விலகியது.

"ஏங்க!" அவன் மனைவி ரோசா அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள். "மிக்கேலு வந்துட்டாருங்க! மாதாவே... அதே நீலச் சட்டை, தொப்பலா நனைஞ்சி, தலையக் குனிஞ்சிக்கிட்டே நிக்கிறாரு. ஓடியாங்க!"

துள்ளி எழுந்தான். தம்பி வந்துவிட்டான். குழாயைத் திருப்பினான். மேற்கே. குரல் இல்லை. கிழக்கே.

"அது நான் இல்லண்ணே."

மேற்கே. இல்லை. கிழக்கே.

"நான் இல்லண்ணே."

"ரோசா!" படிகளில் தடுமாறி இறங்கினான்.

கூடத்தில், வந்தவனை முக்காலியில் உட்காரவைத்து, பின்னால் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள் ரோசா. "ஒம்பது நாளா எங்க தம்பி இருந்தீங்க? வாயத் தொறந்து சொல்லுங்க."

துண்டு மேலே போனது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஊறிய வெள்ளைத் தோல். வழவழப்பாக.

துண்டு இறங்கியது. ஏறியது.

ஒரு கண் வந்திருந்தது.

இறங்கியது. ஏறியது.

மிக்கேலின் உதடு.

ரோசா பரிவோடு துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்த ஒற்றைக் கண் மெல்ல நிமிர்ந்து படியில் நின்றவனைக் கண்டுபிடித்தது. புதிதாக வந்த உதடு அசைந்து அசைந்து, அவனைக் கூப்பிடப் பழகிக்கொண்டிருந்தது.