அண்ணி சுமந்த பழி

"எடுத்துட்டுப் போ அந்தப் பாலை! உன் கையால எனக்கு எதுவும் வேண்டாம்..."

மாமியார் தட்டிவிட்ட வேகத்தில் பால் போர்வையெல்லாம் கொட்டியது. இதய அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரிடம் கோபிக்கவா முடியும்? மருமகள் போர்வையை உருவினாள். கூடத்தில் கணவன் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அது அவனுக்குக் கைவந்த கலை.

பல்கலைக்கழகத்தில் அவள் சமூகவியல் பேராசிரியை. அவள் பேச ஆரம்பித்தால் பின்வரிசைகூடச் செல்போனைக் கீழே வைக்கும். வீட்டிலோ அவள் குற்றவாளி. காரணம், குட்டி. கணவனின் தம்பியாகப் பிறந்து, 'நான் பொண்ணு' என்று சொல்லி வீட்டைவிட்டுப் போன கடைசிப் பிள்ளை.

அந்தச் சமயம் அவள், திருநங்கைகள் மருத்துவமனைகளில் படும் பாட்டை ஆராய்ந்துகொண்டிருந்தாள். அது போதாதா?

"இவ ஆராய்ச்சிதான் என் புள்ள மனசைக் கெடுத்துச்சு!" என்று மாமியார் உறவு முழுக்கச் சொல்லி அழுதார்.

"அம்மாவுக்காக விட்டுடேன்..." என்று கணவன் கெஞ்சினான்.

விட்டாள். ஆய்வுக்காக மனம் திறந்து பேசியவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, யாருக்கும் உறுத்தாத குடிநீர்க் குழாய் ஆய்வுக்கு மாறினாள். அவளுடைய மாணவி ஒருத்தி, அவள் கைவிட்ட அதே பொருளில் புத்தகம் எழுதிப் பேர் வாங்கியபோது, மேடையேறி வாயார வாழ்த்திவிட்டு, கழிவறைக்குப் போய் அழுதாள்.

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால், குட்டி! தோளில் ஒரு பை, கண்ணில் பயம்.

"அண்ணி... அம்மாவுக்கு ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன். ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்."

கொழுந்தன் நாத்தனாராகிவிட்டாலும் அண்ணி என்ற சொல் மட்டும் அப்படியே இருந்தது. "உள்ள வாம்மா" என்று கையைப் பிடித்து அழைத்துப்போனாள்.

மகளைக் கண்டதும் மாமியாரின் உதடு துடித்தது. ஆனால் சீறியது மருமகள் மேல்தான். "பாரு... நீ பண்ணின காரியத்தை நல்லா பாரு!"

குட்டி திகைத்தாள். "அண்ணியை ஏம்மா திட்டறீங்க?"

"அவதானே உன்னை இப்படி ஆக்கினா! ஊருக்கே தெரியும்!"

"ஊருக்கு நீங்க சொன்னீங்களா? ஐயோ அம்மா... பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே உங்க கால்ல விழுந்து சொன்னேனே! 'அப்பா காதுல விழுந்தா உயிரை விட்டுடுவார்'னு என் வாயைப் பொத்தினது யாரு? அப்ப அண்ணி இந்த வீட்டுக்கு வரவே இல்லையே! அண்ணன்கூடப் பக்கத்துல நின்னு கேட்டானே... அண்ணா, சொல்லேன்!"

மருமகள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

அவன் தலை தொங்கியது. "அம்மா ஒடைஞ்சு போயிடுவாங்கன்னு..."

"நான் ஒடைய மாட்டேன்னு நெனச்சீங்க. இல்ல?"

மாமியார் விம்மி விம்மி அழுதார். "பெத்தவ மேல பழி வந்தா நான் எங்கடி போவேன்? நீ படிச்சவ... தாங்கிக்குவேன்னு நெனச்சேன். என்னை மன்னிச்சிடும்மா..."

குட்டியைக் கட்டிக்கொண்ட கையாலேயே மருமகளின் விரல்களையும் பிடித்தார். மருமகள் விரல்களை உருவிக்கொள்ளவில்லை. இறுக்கிப் பிடிக்கவும் இல்லை. தாயும் மகளும் சேர்ந்து அழுவதைப் பார்க்க நெஞ்சு நிறைந்தது. பாழாய்ப்போன தன் உழைப்பை நினைக்க அதே நெஞ்சு எரிந்தது.

குட்டி திரும்பிப் போகவில்லை. அம்மா கட்டிலருகிலேயே தங்கிவிட்டாள். மாமியார் எழுந்து நடமாடத் தொடங்கியதும், மருமகள் பல்கலைக்கழகக் குடியிருப்பில் ஓர் அறை கேட்டு வாங்கினாள். கைவிட்ட ஆய்வை அடியிலிருந்து தொடங்க வேண்டும். அன்று மனம் திறந்து பேசியவர்களில் எத்தனை பேர் இனி அவளை நம்புவார்களோ!

"நீ போயிட்டா என்னை யாரும்மா பாத்துக்குவா?"

"நீங்க பெத்த ரெண்டு பேரும் இருக்காங்களே, அத்தை."

வாசலில் கணவன் குரலைத் தாழ்த்தினான். "நான்தான் மன்னிப்புக் கேட்டுட்டேனே..."

"கேட்டீங்க... ரூம் கதவைச் சாத்திட்டுக் கேட்டீங்க. பழியை நான் எல்லார் முன்னாடியும்தானே சுமந்தேன்?"

அவன் கண் கூடத்தில் கிடந்த செய்தித்தாளைத் தேடியது.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.