அவகாசம் உண்டு

“தமிழ் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே சார்!”

மழைக்கு ஒதுங்கிய சாயாக்கடையில் இந்த ஆள் நிற்பான் என்று வீரலட்சுமி கனவிலும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் கொஞ்சம் மரியாதையாகத் திட்ட வார்த்தை தேடி வைத்திருப்பாள். விடியலிலிருந்து ஓட்டல் அடுக்களையில் நின்ற கால்... எதிரே கார்ப்பரேஷன் ஆபீஸ் படியை ஏறி இறங்கிய கால்... திட்டக்கூடத் தெம்பில்லை பாவம்.

“என்னையா சொல்றீங்க?” என்றான் இசக்கிராஜா. அந்த ஆபீஸில் தபால் பிரிவு கிளார்க். இமையில் மழைத்துளி ஒட்டிய பெரிய கண்கள்... ம்க்கும், அந்தக் கண்ணை நம்பித்தானே ஏமாந்தாள்!

மட்டாஞ்சேரிச் சந்தைக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் அவளும் அம்மாவும் குடியிருந்தார்கள். கட்டடம் ஆபத்தாம், காலி செய்யணுமாம். நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். யார் வந்து பார்த்தது? என்றைக்குப் பார்த்தது? பார்த்து எழுதிய அறிக்கையின் நகலைக் கொடுங்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாள். மலையாளத்தில் ஒரு பதில் வந்தது. வாசிக்கத் தெரியாமல் ஆபீஸ் வராந்தாவில் முழித்துக்கொண்டு நின்றபோது, வழியே போன இவன்தான் நின்று வாசித்தான். அறிக்கை இருந்த கோப்பைக் காணவில்லையாம். “விடாதீங்க... மேல ஆபீசர்கிட்ட அப்பீல் குடுக்க உங்களுக்கு அவகாசம் உண்டு,” என்றான்.

அந்த ஆபீஸில் ஒரு தமிழ்க்குரல் கேட்டதிலேயே அவளுக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. அவகாசம்தான் இருக்கிறதே என்று போனாள். அம்மாவுக்கு மஞ்சள் காமாலை, ஓட்டலில் இரட்டை வேலை... எல்லாம் ஓய்ந்து இன்றைக்கு அப்பீலோடு வந்தால், முப்பது நாள் தாண்டிவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள்.

“அவகாசம் உண்டுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“இப்பவும் சொல்றேன். சட்டத்துல உள்ளதுதானே, அது உங்க அவகாசம்.”

“முப்பது நாள்தானாமே!”

“அது டைம். நான் சொன்னது அவகாசம்...”

சாயா ஆற்றிக்கொண்டிருந்த காளி அண்ணன் சிரித்துவிட்டார். “டேய் இசக்கி! மலையாளத்துலதான்டா அவகாசம்னா உரிமை. நம்ம தமிழ்ல நேரம்டா!”

இசக்கிராஜாவின் காது சிவந்தது. “பிறந்து வளர்ந்தது இங்கேன்னாலும் எங்க வீட்டுல தமிழ்தான் பேசுவோம்,” என்றான், யாரும் கேட்காமலே. “எங்க தமிழ் தப்புன்னு இதுவரைக்கும் எவனும் பறஞ்சதில்ல.”

“சரி... உங்க பேச்சாலதான் லேட்டாச்சுன்னு அப்பீல் பாக்குற உங்க மேடம்கிட்ட வந்து சொல்லுங்க. தக்க காரணம் இருந்தா எடுத்துக்குவாங்களாம்.”

அவன் சாயா கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றான். சொன்னால் ஆபீஸே சிரிக்கும். மெமோகூட வரும். வீரலட்சுமி மழையிலேயே இறங்கி நடந்துவிட்டாள்.

தாமதத்துக்கு விளக்கம் கேட்டு அடுத்த வாரம் விசாரணைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். நம்பிக்கையெல்லாம் ஒன்றுமில்லை. பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

“தாமதத்துக்குக் காரணம்?” என்றார் தலைமை அதிகாரி ஸ்வர்ணலதா.

“அது... ஒரு வார்த்தை மேடம்...” அதற்குமேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

“காரணம் நானாணு, மேடம்.”

வாசலில் இசக்கிராஜா. வந்துவிட்டானே! ஒன்று விடாமல் அவனே சொன்னான்.

“தமிழில் அவகாசம்னா சமயமோ? என்டெ தெய்வமே!” மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து மேசைகளும் சிரித்தன. காதெல்லாம் சிவக்க, அவன் மட்டும் தலை குனியாமல் நின்றான். அதைப் பார்க்கப் பார்க்க வீரலட்சுமிக்கு நெஞ்சை என்னவோ செய்தது.

மேடம் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார். அப்பீலை ஏற்றாயிற்று. கோப்பைத் தேடி நகல் கொடுக்க வேண்டும்... அது கிடைக்கும்வரை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸை நிறுத்தி வைக்க வேண்டும்.

வராந்தாவுக்கு வந்ததும் வீரலட்சுமி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெளியே தூறல். சற்றுத் தள்ளி அவனும் உட்கார்ந்தான்.

“அன்னைக்கு ரொம்பத் திட்டிட்டேன்...”

“சாரமில்ல, போகட்டும். அதுக்கப்புறம் வேற யார் பேச்சும் காதுல ஏறலை.” கொஞ்சம் தயங்கினான். “ஒரு காரியம் பறையட்டா... இல்ல, சொல்லட்டா?”

“பறைங்க,” என்றாள். களைத்த முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு.

“எனக்கு உங்களை இஷ்டம்.”

“இது எந்த ஊர் இஷ்டம்? மறுபடியும் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு அலைய என்னால முடியாது சாமி!”

“பிடிச்சிருக்கு. கட்டிக்கணும்கிற அளவுக்குப் பிடிச்சிருக்கு.” சொல்லிவிட்டு அவனே பதறினான். “ஐயோ, பதில் இப்பவே வேண்டாம்... யோசிச்சு, எத்தனை நாள் வேணும்னாலும் கழிச்சு...”

வீரலட்சுமி அந்தக் கண்களைப் பார்த்தாள். பெரிய கண்கள்தான்... பயந்துபோய்க் காத்திருந்தன. இப்படித்தானே அவளும் அந்த ஆபீஸின் ஒவ்வொரு ஜன்னலிலும் நின்றாள்.

“வேண்டாங்க,” என்றாள். “பதிலுக்கு நடந்து நடந்து என் கால் தேஞ்சுபோச்சு. இன்னொருத்தரை அப்படி நடக்க விடமாட்டேன். இப்பவே சொல்லிடறேன்... எனக்கும் பிடிச்சிருக்கு.”