மழைக்குப் பின் யாரும் கேட்டு வராத துப்பாக்கி

"மழைக்கு முன்னால வர்றீங்களா, பின்னாலயாம்மா?" என்று ஒடிலோன் கேட்க, டோனா லிந்தால்வா வீடியோ கேம் துப்பாக்கியை அவன் மேசைமேல் வைத்தாள். பெலெம் நகரில் பிற்பகல் மழை தவறாது. கல்யாணத்துக்குக்கூட மழைக்கு முன், மழைக்குப் பின் என்றுதான் நேரம் குறிப்பார்கள். நேரம் சொல்லாமல் பொருளை வைத்துவிட்டுப் போகிறவர்களை அவன் பார்த்ததே இல்லை.

"என்ன கோளாறு?"

"டிவியைக் குறி வெச்சாத்தானே சுடணும்? இது எங்க காட்டினாலும் பட்டுடுது தம்பி. எனக்குத் திரும்ப வேணாம்." கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். போன மாதம்தான் அவள் கணவனை அடக்கம் செய்திருந்தார்கள்.

ஒடிலோனுக்குச் சிரிப்பு வந்தது. பழைய வீடியோ கேம் பெட்டிகளின் கைப்பிடிகளையும் துப்பாக்கிகளையும் பழுது பார்த்தே வயிறு கழுவுகிறவன் அவன். விசையை அழுத்தினால் திரை ஒரு கணம் கறுக்கும். விளையாட்டில் வாத்து பறந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் மின்னும். குழாய்க்குள் இருக்கும் வில்லை அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். வெளிச்சம் எதுவானாலும் அதற்குப் போதும். பல்பைக் காட்டி ஏமாற்றி ஜெயிக்காத பிள்ளை இந்தத் தெருவில் உண்டா என்ன?

கூரைத் தகரத்தில் மழை இறங்கியது. பின்னால் தூளியில், அசாயிப் பழக் கூழைக் குடித்த மயக்கத்தில், மகள் ஜசீரா உதடெல்லாம் ஊதாவாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி போன பிறகு அவனுக்கு இருப்பது அவள் ஒருத்திதான். தூளிக் கயிறு கொக்கியில் கிறீச்சிட, ஈர மண்ணும் சூடான ஈயமும் கலந்த வாசனை அறையை நிறைக்க, அவன் துப்பாக்கியை டிவியோடு இணைந்த கேம் பெட்டியில் மாட்டி, வழக்கம்போல முதலில் பல்பைக் குறி வைத்தான்.

வாத்து விழுந்தது. பல்பும் அணைந்தது.

மின்சாரம் போகவில்லை, டிவி ஓடியது. பல்பு தீய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். இனி இருட்டு மூலையைச் சுட்டுப் பார்க்க வேண்டும். அங்கே படக் கூடாது. பட்டால்தான் கோளாறு. குருவிக் கூண்டு தொங்கிய மூலையைப் பார்த்து அழுத்தினான்.

வாத்து விழுந்தது.

மழைக்கு நடுவே ஏதோ ஒரு சத்தம் நின்றுபோயிருந்தது. எது என்று புரியச் சற்று நேரமானது. குருவி பாடவில்லை.

துப்பாக்கியின் வயரைப் பிடுங்கி மேசைமேல் எறிந்துவிட்டு மூலைக்கு ஓடினான். கூண்டின் தரையில் குருவி கிடந்தது. தொட்டான். இன்னும் சூடு இருந்தது. டோனா லிந்தால்வாவின் கறுப்புத் துணி நினைவுக்கு வந்தது.

தூளிக் கயிற்றின் கிறீச் கேட்கவில்லை.

"அப்பா."

குரல் மேசையருகிலிருந்து வந்தது. டிவிக் கண்ணாடியில் ஜசீரா தெரிந்தாள். இரண்டு கையிலும் துப்பாக்கி. குழாய் அவள் முகத்துக்கு நேராக இருந்தது.

"இதுக்குள்ள ஒரு கண்ணு இருக்குப்பா."

"அது வில்லைடி கண்ணு. கீழ வை. விசையைத் தொடாத."

"இல்லப்பா. சிமிட்டுது."

வயரைப் பிடுங்கியாயிற்று. பிடுங்கியாயிற்று. தரையில் வயர் நுனி வெறுமனே கிடப்பதைக் கண்ணால் பார்த்தான். ஒன்றும் ஆகாது. அவளை நோக்கிப் பாய்ந்தான்.

டிக்.

திரை கறுத்தது. அந்தக் கறுப்பில் ஒரு வெள்ளைச் சதுரம். சின்னது. சரியாக ஒரு குழந்தையின் முக அளவு. இம்முறை அது அணையவில்லை.

அதற்குள்ளிருந்து ஜசீரா அவனைப் பார்த்தாள். உதடெல்லாம் ஊதா. ஒரே ஒருமுறை கண் சிமிட்டினாள்.